ஆவணியில் போட்ட சுவிட்ச்

தமிழ்வாணி அக்கா லூர்துராஜின் ஸ்டுடியோவை விட்டு வந்தது ஆடி பிறந்து முதல் செவ்வாய்க்கிழமை. செவ்வாய்க்கிழமை எங்கள் ஊரில் யாரும் எதையும் தொடங்க மாட்டார்கள். விட்டு வருவதற்கு மட்டும் யாரும் நாள் பார்ப்பதில்லை. அக்கா மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலேயே பைக்குள் வைத்தார். செய்துகொண்டிருந்த வேலையைச் சேமித்து, கம்ப்யூட்டரை முறையாக அணைத்துவிட்டு எழுந்துகொண்டார்.

லூர்துராஜ் வாசல்வரை கூடவே வந்தாராம். "கோவம் தணிஞ்சதும் வா தமிழு. ஆவணி மொத முகூர்த்தம் வரைக்கும் ஒன் எடத்துக்கு வேற ஆளு போட மாட்டேன்" என்று சொல்லியிருக்கிறார். அவர் கெட்ட மனிதர் இல்லை. அக்காவுக்கு அதுதான் எரிச்சல்.

"ரெண்டு வசவு வஞ்சிருந்தா நிம்மதியா வந்திருப்பேன் மது. பிள்ளைய எல்.கே.ஜிக்கு அனுப்புற மாதிரி டாட்டா காட்டுறாரு" என்றார் என்னிடம்.

அக்கா கல்யாண வீடியோ எடிட் செய்கிறவர். மதுரையைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு வருடங்களாக நடந்த கல்யாணங்களில் எத்தனையோ அவர் கைவழியாகத்தான் வீடுகளுக்குப் போயிருக்கின்றன. ஸ்டுடியோவில் முதலில் போட்டோ கவர்களில் பெயர் எழுதத்தான் சேர்ந்தார். ஆல்பம் ஒட்டுகிற ஆள் ஒருநாள் வராததால் ஆல்பம் கற்றுக்கொண்டார். எடிட்டர் சென்னைக்குப் போனதால் எடிட்டிங் கற்றுக்கொண்டார். யாராவது வராமல் போனதில்தான் தன் படிப்பு முழுக்க நடந்தது என்று சொல்லிச் சிரிப்பார்.

மணமக்களைவிடத் தாய்மாமன்மேல் அவருக்குக் கண் அதிகம். தாம்பூலத் தட்டுகளோடு கொட்டு முழங்க மாமன் சீர் வருகிறபோது கேமராக்காரர்கள் மணப்பெண் அறைக்குள் இருந்துவிடுவார்கள். கிடைத்த துண்டு துக்காணியை வைத்து அந்த ஊர்வலத்தை முழுசாகக் காட்டுவது அக்காவின் திறமை. "பொண்ணு மொகம் ஒரு எடத்துல மங்கலா இருந்தாக் கூட மன்னிச்சிருவாக. தாய்மாமன் மொகம் இல்லேன்னா ரெண்டு குடும்பமும் பேச்சுவார்த்தையே இல்லாமப் போயிரும்" என்பார்.

ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது. அந்த இரண்டு மாதமும் ஸ்டுடியோக்களில் பாதிச் சம்பளம் என்பது எழுதாத வழக்கம். அந்த ஆடியில் லூர்துராஜ், சும்மா இருக்கிற நேரத்துக்குக் கோடவுனில் கிடக்கும் பழைய ஆல்பங்களைத் தூசி தட்டி அடுக்கச் சொன்னார். அதே பாதிச் சம்பளத்துக்கு. அக்கா டப்பாவை எடுத்துப் பைக்குள் வைத்தார், அவ்வளவுதான்.

நான் அப்போதுதான் சில வருடங்கள் இமயமலைப் பக்கமும் நேபாளம், வியட்நாம் என்றும் அலைந்துவிட்டு ஊர் திரும்பியிருந்தேன். ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் அக்கா வீட்டு மாடி அறையில் வாடகைக்கு இருந்தேன். ஒரு மாதம் என்று சொல்லித்தான் வந்தேன். விடிந்தால் "தேனி, கம்பம், தேனி, கம்பம்" என்று கூவுகிற சத்தம் ஜன்னல் வழியாக வரும். கேட்கும்போதெல்லாம் பையைத் தூக்கிக்கொண்டு ஓடத் தோன்றும். அந்த ஆடியில் நான் எங்கும் ஓடாததற்குக் காரணம், கீழ்வீட்டு நடுக்கூடத்தில் அட்டைப் பெட்டிகள் ஒவ்வொன்றாக வந்து இறங்கியதுதான்.

அக்கா சொந்தமாகக் கம்ப்யூட்டர் செய்யப்போகிறார். சாமான்களைக் கடையிலேயே பூட்டிக் கொடுப்பார்கள்தான். ஆனால் அதற்குத் தனிக் கூலி, அதோடு பெட்டிக்குள் எதை மாற்றி வைத்தார்களோ என்ற சந்தேகம். "ஆல்பம் ஒட்டத் தெரிஞ்சவளுக்கு இது தெரியாதா?" என்றார். சீட்டு எடுத்த பணம் முழுவதும் அந்தப் பெட்டிகளுக்குள் போயிருந்தது. அது ஓடினால் அவர் வீட்டிலிருந்தே தொழில் செய்வார். ஓடவில்லை என்றால் ஆவணி முதல் முகூர்த்தத்துக்குள் லூர்துராஜிடம் திரும்பிப் போய், அந்த நல்ல மனிதரின் நல்ல முகத்தைப் பார்த்து உட்கார வேண்டும். இது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

அக்காவின் வீட்டுக்காரர் பேயாண்டி அண்ணன் கப்பலூரில் பிளாஸ்டிக் மூடி செய்கிற கம்பெனியில் மெசின் ஆபரேட்டர். குலசாமி பெயர் அவருக்கு. ஆளும் சாமி மாதிரி பெரிய மீசை வைத்திருப்பார். அந்த வீட்டில் ஒரு பொருளின் மேல் ஒட்டி வருகிற பிளாஸ்டிக்கை யாரும் உரிக்க மாட்டார்கள். ஃபிரிட்ஜ் கதவில் நீலத் தாள் அப்படியே இருக்கும். சோபா மேல் கண்ணாடிக் கவர். உட்கார்ந்து எழுந்தால் தொடையைப் பிடித்து இழுக்கும். டிவி ரிமோட் உறைக்குள் இருக்கும். பைக் டேங்க்கின் மேல் ஒட்டியிருந்த தாள் வெயிலில் பொரிந்து உதிர்ந்துகொண்டிருந்தது, ஆனால் உரிக்கப்படவில்லை. "உரிச்சா புதுசு போயிரும்" என்பார் அண்ணன். பிளாஸ்டிக் கம்பெனிக்காரர் என்பதால் அப்படியா என்று முதலில் நினைத்தேன். தெருவில் நாலு வீடு பார்த்தபிறகு, ஊரே அப்படித்தான் என்று ஞாபகம் வந்தது.

சாமான்களெல்லாம் ஆடித் தள்ளுபடியில் வாங்கியவை. ஆனால் சுவிட்ச் போடுவதில் பிரச்சினை வந்தது.

"ஆடில வாங்கலாம், மாட்டலாம். சுவிட்ச மட்டும் போடக் கூடாது" என்றார் அண்ணன்.

"இது எந்தச் சாஸ்திரத்துலண்ணே இருக்கு?" என்று கேட்டேன்.

"எங்க கம்பெனி சாஸ்திரத்துல. ஜெர்மனிலருந்து புது மெசின் வந்துச்சு. ஆடி முடியட்டும்னு மொதலாளி தார்ப்பாயப் போட்டு மூடி வச்சிட்டாரு. அத ஓட்டிக் காட்ட வந்த வெள்ளக்காரன் லாட்ஜுல உக்காந்து மாசம் பூராம் பரோட்டா தின்னான். போகும்போது அவனுக்கு இம்புட்டுத் தொப்பை."

"அந்த மெசின் இப்ப ஓடுதா?"

"அது எதுக்கு இப்ப?"

ஆடிப்பெருக்கு நல்ல நாள்தான், அன்றைக்குப் போட்டிருக்கலாம். அன்றைக்குப் பார்த்து, படத்தைத் திரைக்கு அனுப்புகிற கிராபிக்ஸ் கார்டு வந்து சேரவில்லை. அக்காவுக்கும் உள்ளூர நாள் நட்சத்திரத்தில் நம்பிக்கை உண்டு. வாழ்க்கையில் ஒரே முறை துணிந்து செய்கிற காரியம், எதற்கு வம்பு என்று அவரும் விட்டுவிட்டார்.

ஆனாலும் பூட்டுகிற வேலை நடந்தது. சாப்பாட்டு மேசையில் பழைய பேப்பர் விரித்து, கோயம்புத்தூர்ப் பையன் ஒருவன் தமிழில் சொல்லித் தருகிற வீடியோவை போனில் ஓடவிட்டு, நிறுத்தி, ஓடவிட்டு, அக்கா ஒவ்வொன்றாக மாட்டினார். நகையை எடுத்து வைக்கிற மாதிரி, கம்ப்யூட்டரின் மூளையான புராசஸரை அதன் குழியில் வைத்தார். அதன் மேல் சூடு கடத்தும் பசையைத் தடவி, சூட்டை இழுத்து வெளியே தள்ளும் கூலர் என்கிற உலோகக் கட்டியை வைத்துத் திருகினார். நான் டார்ச் பிடித்தேன். எல்லாம் முடிந்ததும் பெட்டியின் நெற்றியில் சந்தனம் குங்குமம் வைத்து, ஒரு பழைய வேட்டியைப் போர்த்தினார். ஆடி முடியும்வரை அது கூடத்து மூலையில், யாரோ முக்காடு போட்டு உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது. வீட்டுக்கு வந்தவர்களெல்லாம் அதைப் பார்த்து ஒருமுறை திடுக்கிட்டார்கள்.

ஆவணி முதல் வெள்ளிக்கிழமை காலை நல்ல நேரம் பார்த்து வேட்டியை எடுத்தோம். மறுநாளைக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை முதல் முகூர்த்தம். பேயாண்டி அண்ணன் அரைநாள் விடுப்பு போட்டிருந்தார். எலுமிச்சம்பழம் வெட்டிக் குங்குமம் தடவி இரண்டு பக்கமும் வைத்தார். கற்பூரம் காட்டினார். அக்கா கண்ணை மூடி என்னவோ முணுமுணுத்துவிட்டு, பெட்டியின் முன்னாலிருந்த பொத்தானை அழுத்தினார்.

ஒன்றும் நடக்கவில்லை.

மறுபடி அழுத்தினார். ஒரு சின்ன விளக்குகூட எரியவில்லை. கற்பூரம் மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

"அழுத்துனியா, தடவுனியா?" என்றார் அண்ணன்.

"வாங்க, நீங்க வந்து அழுத்துங்க."

அவரும் அழுத்தினார். மெசின் ஆபரேட்டரின் கட்டைவிரல். அதற்கும் அசையவில்லை.

அக்காவின் முகத்தைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது. அவர் அழவில்லை. தோள் பக்கம் ஒட்டியிருந்த குங்குமத்தைத் தட்டிவிட்டு, கடைக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் கடைப் பையனின் குரல் கேட்டது.

"அக்கா, சாமான் வாங்குன பத்து நாளுக்குள்ள ஓட்டிப் பாத்து சொல்லணும். இப்ப மாத்தித் தர முடியாதே."

"ஆடிங்கிறதால போடல தம்பி."

"எங்களுக்கு ஆடியெல்லாம் கிடையாதுக்கா."

"தள்ளுபடி மட்டும் ஆடின்னு போட்டுத்தானப்பா குடுத்தீக?"

மறுமுனையில் பையன் சிரித்துவிட்டான். பிறகு, "கொண்டாங்கக்கா, பாப்போம். எந்தச் சாமான் போயிருக்குன்னு கண்டுபிடிச்சு கம்பெனிக்கு அனுப்பணும். ஒரு மாசம் ஆகும்" என்றான்.

ஒரு மாதம். ஆவணி முழுக்க முகூர்த்தம். அக்கா போனை வைத்தார். கீழே வைத்த உடனே அது அடித்தது. திரையில் லூர்துராஜ் பெயர்.

"என்ன தமிழு, மெசினு ஓடுதா? ஞாயித்துக்கெழம ரெண்டு எடத்துல கேமரா போகுது. நீ வாரியா, நான் ஆளு பாக்கவா? சாயந்தரத்துக்குள்ள சொல்லிரு."

"சாமி கும்பிட்டுக்கிட்டு இருக்கோம்ணே. அப்பறம் பேசுறேன்."

வைத்துவிட்டு எங்களைப் பார்த்தார். "பொய் இல்லைல்ல? கற்பூரம் இன்னும் எரியுதுல்ல?"

அண்ணன் சட்டையைக் கழற்றி நாற்காலியில் போட்டார். "மெசினு ஓடலேன்னா மொதல்ல கரண்டுதான் பாக்கணும். கரண்டு எங்கிட்டு வருது, எங்கிட்டு நிக்குது, அம்புட்டுத்தான்" என்று பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினார். பின்னாலிருந்து மின்சாரம் வருகிறது; சாமான்கள் எல்லாம் மாட்டியிருக்கிற போர்டில் ஓர் ஓரத்தில் சின்னப் பச்சை விளக்கு எரிகிறது. ஆக, போர்டு செத்துப்போகவில்லை. பொத்தானிலிருந்து வருகிற வயர் முடி மாதிரி மெல்லியது. அதன் நுனியில் அரிசி அளவு பிளக். வயரைப் பிடித்துக்கொண்டு விரலாலேயே அதன் நுனிவரை போனார் அண்ணன். போர்டின் மூலையில் குத்தூசிகள் இரண்டு வரிசையாக நின்றன. பிளக் ஒரு ஊசி தள்ளி உட்கார்ந்திருந்தது.

"இந்தா, பந்தியில எடம் மாறி உக்காந்திருக்கான்" என்று பிடுங்கி, பக்கத்தில் குத்தினார்.

இந்தமுறை அண்ணன்தான் அழுத்தினார். விசிறிகள் சுழன்றன. பெட்டிக்குள் நீலமும் சிவப்புமாக விளக்கு எரிந்தது. "ஆத்தாடி!" என்று அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். மூன்று பேரும் மானிட்டரைப் பார்த்தோம். மானிட்டர் கறுப்பாகவே இருந்தது.

பார்த்துக்கொண்டே நின்றோம். விசிறி மட்டும் சுற்றியது.

"கல்யாண வீடு மாதிரி லைட்டெல்லாம் எரியுது, மாப்ளையக் காணோம்" என்றார் அண்ணன்.

"சும்மா இருங்க."

அடுத்ததை அக்காவே பார்த்தார். ராம் எனப்படும் நினைவகக் கட்டைகள் இரண்டும் போர்டில் நெட்டுக்குத்தாக நின்றன. அவற்றை மாட்டும்போது உடைந்துவிடுமோ என்று பயந்து, குழந்தையின் கன்னத்தைத் தொடுகிற மாதிரித் தொட்டு வைத்தது எனக்கு ஞாபகம் இருந்தது. குனிந்து பார்த்தால் ஒரு பக்கக் கொக்கி மூடியிருந்தது, மறுபக்கம் திறந்திருந்தது. மின்சாரத்தை நிறுத்திவிட்டு, அக்கா மூச்சைப் பிடித்து அழுத்தினார். போர்டு வளைந்தது. "ஏய் ஏய்" என்றார் அண்ணன். "டக்" என்று ஒரு சத்தம். உடைந்ததா, உட்கார்ந்ததா என்று தெரியாமல் கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தோம். கொக்கி மூடியிருந்தது. இன்னொன்றையும் அழுத்தினார், அதுவும் "டக்".

மறுபடி பொத்தான். மறுபடி கறுப்பு.

அந்த இடத்தில் நான் ஒரு வேலை செய்தேன். பெரிய வேலையில்லை. பெட்டிக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். மானிட்டரின் வயரை அண்ணன் மேலே போர்டில் இருந்த ஓட்டையில் சொருகியிருந்தார். கிராபிக்ஸ் கார்டின் ஓட்டை கீழே சும்மா இருந்தது. இரண்டும் ஒரே மாதிரி ஓட்டைகள். மாற்றிச் சொருகியதும் திரையில் வெள்ளை எழுத்துகள் வந்தன.

அண்ணன் கைதட்டினார். அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "காப்பி போடவா?" என்றார். அவர் நிலைகொள்ளாமல் இருக்கும்போதெல்லாம் காப்பி போடுவார். காப்பி குடித்துவிட்டு அண்ணன் கம்பெனிக்குக் கிளம்பினார். "வாரேன். சாயந்தரம் லூர்து அண்ணனுக்கு நான் பேசட்டுமா?" என்று கேட்டார். "என் வாய் எனக்கு இருக்கு" என்றார் அக்கா.

மதியம்வரை மென்பொருள்களை ஏற்றினோம். பிறகு அக்கா தன் முதல் வேலையை எடுத்தார். பேரையூரில் ஆனி மாதம் நடந்த ஒரு கல்யாணம். அதை எடுத்த கேமராக்காரர் இந்தமுறை ஸ்டுடியோவுக்குப் போகாமல் அக்காவிடமே கொடுத்திருந்தார். திரையில் வறண்ட கரிசல் காடும், ஒற்றை வேப்பமரமும், அதன் கீழே கொட்டுக்காரர்களும் வந்தார்கள். தாய்மாமன் தலையில் பட்டுத்துண்டோடு வந்துகொண்டிருந்தார். அக்கா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஸ்டுடியோவில் இதே ஊர்வலம் நகர்வதற்குள் ஒரு டீ குடித்துவிட்டு வரலாமாம். இங்கே வழுக்கிக்கொண்டு ஓடியது.

தாய்மாமன் பந்தல் வாசலுக்கு வருவதற்குள் எல்லாம் அணைந்தது. விசிறி, விளக்கு, திரை எல்லாமே ஒரே நேரத்தில்.

கரண்ட் போய்விட்டதா என்று மேலே பார்த்தோம். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

சற்று நேரம் கழித்துப் போட்டால் வந்தது. வீடியோவை ஓட்டினால் மறுபடி அணைந்தது. அப்படி மூன்று நான்கு முறை. ஒருமுறைகூடத் தாய்மாமன் வாசலுக்கு வரவே இல்லை.

"முடிஞ்சுபோச்சு மது" என்றார் அக்கா, சாதாரணமாக. "ஏதோ ஒண்ணு உள்ள செத்துக்கெடக்கு. ஒரு மாசம். லூர்து அண்ணன்ட்ட வாரேன்னு சொல்லிர வேண்டியதுதான்." போனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். ஆனால் உடனே பேசவில்லை.

தொடக்கத் திரையில் ஒரு மூலையில் புராசஸரின் சூடு எண்ணாகத் தெரியும் என்று எங்கோ படித்திருந்தேன். அதைத் திறந்தேன். சும்மா இருக்கும்போதே எண் மேலே ஏறிக்கொண்டிருந்தது, கொதிக்கிற பாலைப்போல. சூடாகித்தான் தன்னைத் தானே அணைத்துக்கொள்கிறது. கூலரைக் கைவைத்துப் பார்க்கச் சொன்னேன். அக்கா பயந்துகொண்டே விரலை வைத்தார். எடுத்தார். மறுபடி உள்ளங்கையை வைத்தார்.

"ஜில்லுன்னு இருக்கே!"

அடியில் கொதிக்கிறது, மேலே இருக்கிற உலோகம் பச்சைத் தண்ணீர் மாதிரி இருக்கிறது. நடுவில் சூட்டை ஏதோ தடுக்கிறது. பசை போதவில்லையோ, திருகு இறுகவில்லையோ என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன். அக்கா காது கொடுக்கவில்லை. தன் போனில் அந்தக் கோயம்புத்தூர்ப் பையனின் வீடியோவை எடுத்து, கூலர் மாட்டுகிற இடத்துக்குப் போனார். ஓடவிட்டார். பின்னால் இழுத்தார். மறுபடி ஓடவிட்டார். அவர் முகம் மாறியது. அது எடிட்டரின் முகம். அந்த முகத்தோடு பேச்சுக் கொடுக்க முடியாது.

"இங்க ஒரு வெட்டு இருக்கு" என்றார்.

"என்ன வெட்டு?"

"பயல் வெட்டிட்டான். இந்தா பாரு, கூலரக் கையில எடுக்குறான். அடிப்பக்கம் மங்கலா இருக்கா? இப்பப் பாரு." விரலால் ஒரு நூல் அளவு நகர்த்தினார். "கண்ணாடி மாதிரி மின்னுது. மேசையில டீ கிளாசு அங்கிட்டு இருந்தது, இங்கிட்டு வந்துருச்சு. நடுவுல எந்திரிச்சு என்னமோ செஞ்சிருக்கான். போரடிக்கும்னு அத வெட்டிட்டு ஒட்டிட்டான். அந்த எடத்துல என்ன செஞ்சான்?"

இருவரும் ஒரே நேரத்தில் கூலரைப் பார்த்தோம்.

திருகுகளைக் கழற்றி, கூலரை மெல்லத் திருகிப் பிரித்தார். திருப்பினார். அடிப்பக்கம் முழுக்கப் பசை, அதன் கீழே வழுவழுப்பாக ஒரு பிளாஸ்டிக் தாள். ஓரத்தில் ஒரு சின்னக் காது மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. அதைப் பிடித்து உரிக்கச் சொல்லி அம்புக்குறியெல்லாம் போட்டிருந்தான் கம்பெனிக்காரன்.

அக்கா அதை உரித்தார். சர்ரென்று ஒரே இழுப்பில் வந்தது. அடியில் உலோகம் முகம் தெரிகிற அளவுக்குப் பளபளத்தது.

"இதப் பாத்தேன் மது. மாட்டும்போது பாத்தேன். புதுசாச்சே, இருக்கட்டும்னு விட்டுட்டேன்" என்றார்.

அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார். எனக்கும் வந்துவிட்டது. சிரித்துச் சிரித்து அவர் சோபாவில் போய் விழுந்தார். சோபாவின் பிளாஸ்டிக் கவர் முனகியது. அதைக் கேட்டு இன்னும் சிரித்தோம். சாமான் ஒன்றும் சாகவில்லை. எதையும் கம்பெனிக்கு அனுப்ப வேண்டியதில்லை. ஒரு மாதம் காத்திருக்க வேண்டியதில்லை. அந்தச் சிரிப்பில் பாதிக்குமேல் அழுகைதான் இருந்தது என்று நினைக்கிறேன். அவர் கண்ணைத் துடைத்த விதம் அப்படி.

கொரோனா காலத்துச் சானிடைசர் ஒரு பாட்டில் அலமாரியில் கிடந்தது. அதைத் துணியில் தொட்டு, பழைய பசையைத் துடைத்தோம். பசைக் குழாயில் கொஞ்சம் மிச்சமிருந்தது. கீழிருந்து சுருட்டி, பற்பசையின் கடைசிச் சொட்டை எடுக்கிற மாதிரி எடுத்தோம். மறுபடி பூட்டினார். சூட்டு எண் ஓரிடத்தில் வந்து நின்றது. நின்றதோடு சரி, ஏறவில்லை. அக்கா கூலரில் உள்ளங்கையை வைத்தார். "இப்ப வெதுவெதுன்னு இருக்கு" என்றார், காய்ச்சல் விட்ட பிள்ளையைப் பற்றிச் சொல்கிற மாதிரி.

பேரையூர்த் தாய்மாமன் பந்தல் வாசலைத் தாண்டி, மணவறைக்கு வந்து, தட்டைக் கொடுத்து, பட்டுத்துண்டைச் சரிசெய்து கேமராவைப் பார்த்துச் சிரித்தார். நாங்கள் அதை மூன்று முறை ஓட்டிப் பார்த்தோம். பிறகும் அணையவில்லை. அக்கா ஊர்வலத்தை வெட்டி ஒட்டத் தொடங்கினார். அவர் வேலை செய்கிறதை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன். கொட்டுச் சத்தத்தின் மேல்தான் ஒவ்வொரு வெட்டும் விழுந்தது.

வெயில் இறங்கும்போது லூர்துராஜ் கூப்பிட்டார். அக்கா ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு, கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமலே பேசினார்.

"ஓடுதுண்ணே. நீங்க வேற ஆளு போட்டுக்கங்க."

"நெசமாத்தான் சொல்லுறியா?"

"கேளுங்க." போனைப் பெட்டியின் அருகில் பிடித்தார். விசிறியின் சத்தமும் பேரையூர்க் கொட்டும் கேட்டிருக்க வேண்டும்.

"சரி" என்றார் லூர்துராஜ். "மனசாரச் சொல்லுறேன், நல்லா இரு. ஆனா நான் அந்தோணியாருக்கு மெழுகுவத்தி ஏத்தப்போறேன். ஒன் மெசினுக்கு இல்ல. எனக்கு வரப்போற ஆளு எப்பிடி இருப்பானோ, அதுக்கு."

"என் பேருலயும் ஒண்ணு ஏத்துங்கண்ணே."

"ஆவணில நீ மாட்டிக்கிட்டு முழிக்கிறப்ப ஏத்துறேன்."

அக்கா போனை வைத்துவிட்டு, நாற்காலியில் சாய்ந்து, கையை மேலே தூக்கி முறுக்கினார். உடம்பிலிருந்து என்னவோ இறங்கிப்போன மாதிரி ஒரு நீண்ட மூச்சு விட்டார். பேயாண்டி அண்ணன் கப்பலூரிலிருந்து வந்தபோது சொன்னோம். தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்ல தாளு. எங்க கம்பெனில இம்புட்டு நேர்த்தியா வராது" என்று மட்டும் சொன்னார். அதோடு நிறுத்திக்கொண்டார் என்று நினைத்தோம். சாப்பிட்டு முடித்ததும் எழுந்துபோய் ஃபிரிட்ஜைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். உரிக்கவில்லை.

அந்த ஆவணியில் அக்கா மாட்டிக்கொண்டு முழிக்கத்தான் செய்தார், வேலை அவ்வளவு வந்தது. ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டபோது நான் கிளம்பிவிட்டேன். அதன்பிறகு இமயமலையின் ஸ்பிதியில் ஒரு பள்ளிக்கூடத்தில், பிறகு அஸ்ஸாமில் படகுகளில் என்று என் காலம் போனது. அக்காவும் நானும் பேசிக்கொள்வது குறைந்துவிட்டது. முகூர்த்த நாட்களில் அவர் போன் எடுக்கமாட்டார். மற்ற நாட்களில் எனக்குச் சிக்னல் இருக்காது.

இரண்டு வருடம் கழித்து, ஒரு படகுத்துறையில் காத்திருந்தபோது, அக்காவிடமிருந்து ஒரு படமும் அதன் கீழே ஒரு செய்தியும் வந்தன. படத்தில் இரண்டு பக்கமும் கடல், நடுவில் மணல். ஓரத்தில் வேட்டியை மடித்துக்கட்டிய பேயாண்டி அண்ணன் அலைக்குப் பயந்து பின்வாங்கிக்கொண்டிருந்தார்.

"மது, தனுஷ்கோடி வந்திருக்கோம். ஆடிதானே, வேலை இல்ல. எவன்கிட்டயும் கேக்கல, நானே எனக்கு லீவு விட்டுட்டேன். எம்புட்டு ஜோடி இங்க வந்து நடந்து, ஓடி, குடை பிடிச்சதையெல்லாம் வெட்டி ஒட்டிருக்கேன், இந்தக் கடல நேர்ல பாத்தது இல்ல. நான் வீடியோவுல போடுற நீலத்தவிட இது கம்மியாத்தான் இருக்கு. ஆனா சத்தம் இருக்கு. காத்தால இருந்து ஒண்ணுமே செய்யாம உக்காந்திருக்கேன்."